நடப்பவர்களுக்கு ஏற்ற பிலாட்டிஸ்

நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் தவறாமல் நடக்கும் பலருக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். ஆனால் கீழ்முதுகும் முழங்காலும் வலித்துக்கொண்டே இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் சரியாகிவிடும் என்று அவர்கள் நினைப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. நடை என்பது மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதான். ஒரு கால் தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும், ஊன்றிய காலின் பக்கவாட்டு இடுப்புத் தசைதான் இடுப்பு மறுபுறம் சரிந்துவிடாமல் தாங்குகிறது. அந்தத் தசை தளர்ந்திருந்தால் அதன் சுமையை முதுகும் முழங்காலும் ஏற்க நேரிடும்.

இந்தக் குறையைப் போக்கப் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறை நன்கு உதவும். 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் வளர்த்தெடுத்து, 1920-களில் நியூயார்க்கில் கூடம் அமைத்துக் கற்பித்த முறை இது. அவர் இதைக் ‘கான்ட்ராலஜி’ என்றே அழைத்தார். எத்தனை முறை செய்தோம் என்பதைவிட, உடலை எவ்வளவு கட்டுப்பாட்டுடன் அசைத்தோம் என்பதே இதில் முக்கியம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் விரைந்து நடந்து, அவற்றுள் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்வோம், நடந்து வந்து உடல் சூடாக இருக்கும்போதே இருபது நிமிடம் பிலாட்டிஸ் செய்தால் இரண்டும் நிறைவேறும். கோரைப்பாய் முதுகெலும்பில் உறுத்தும். ஜமுக்காளத்தை நான்காக மடித்து விரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாலம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பின் அகலத்துக்கு ஊன்றுங்கள். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, வால் எலும்பில் தொடங்கி முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பிரித்து இடுப்பை உயர்த்துங்கள். மேலே நின்று ஒரு மூச்சை உள்ளிழுத்து, விடும்போது எதிர் வரிசையில், மேல்முதுகு முதலில் தரையைத் தொடும்படி இறங்குங்கள். எட்டு முறை போதும். பின்தொடை பிடித்துக்கொண்டால் பாதங்களைச் சற்று உடலருகே இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நடப்பவர்கள் ஒருபோதும் விடக் கூடாத பக்கவாட்டுக் கால் உயர்த்தல். ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை மடக்கி, மேற்காலை உடலின் நேர்கோட்டில் நீட்டி, மேல்கையின் உள்ளங்கையை இடுப்பெலும்பின் மீது வையுங்கள். கால் விரல்கள் முன்னோக்கியே இருக்க, காலை இடுப்பளவுக்கு மட்டும் உயர்த்தி நிதானமாக இறக்குங்கள். விரல்கள் கூரையை நோக்கித் திரும்பினாலோ, கைக்கடியில் இடுப்பு பின்னால் உருண்டாலோ, வேலை பக்கத் தசையை விட்டு முன்தொடைக்குப் போய்விட்டது என்று பொருள். அப்படி முப்பது முறை செய்வதைவிடச் சரியாகப் பத்து முறை செய்வது மேல்.

குப்புறப் படுத்து எதிரெதிர்க் கையையும் காலையும் சற்றே உயர்த்தும் ‘நீச்சல்’ பயிற்சியோடு முடிக்கலாம். எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதுகுத் தட்டு விலகல் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

மறுநாள் நடக்கும்போது முதல் ஐந்து நிமிடம் மெதுவாகச் சென்று, இரு காலடி ஓசையையும் கவனித்துக் கேளுங்கள். ஒன்று மெத்தென்றும் மற்றொன்று தொப்பென்றும் விழுந்தால், ஒரு பக்கம் இன்னும் சரியாகத் தாங்கவில்லை என்று ஐயப்படலாம். வாரம் ஒருமுறை கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். இரு காலிலும் முப்பது விநாடி இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் நின்ற பிறகு நடைத் தூரத்தைக் கூட்டலாம், மேடும் படிக்கட்டும் சேர்க்கலாம்.