பழைய மௌனப்படத்தில் வரும் போர்க்கப்பல் எந்தக் காலத்தது? கண்டுபிடிக்கும் முறை

காட்சிகளுக்கு நடுவே விளக்கம் காட்டும் எழுத்து அட்டையைக் கடைசியாகப் படியுங்கள். ஒரே படத்துண்டை வெவ்வேறு தலைப்புகளில் ஒட்டிக் காட்டுவது அன்று சகஜம். முதல் சாட்சி கப்பலின் உருவம்தான்.

படி 1: வேகம்

கணினியில் விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘E’ விசையைத் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். மூன்றுக்கு இரண்டு ஃபிரேம் அச்சாக ஒன்றுபோல் வந்தால் வேகம் ஏற்கெனவே திருத்தப்பட்டது, தொடாதீர்கள். எல்லாமே வேறாக இருந்து, மாலுமிகளும் குடுகுடுவென ஓடினால், நொடிக்கு 16 ஃபிரேம் அளவில் எடுத்தது 24இல் ஓடுகிறது. வேகத்தை 0.67 ஆக்குங்கள். கேமராவைக் கையால் சுழற்றியதால் நடுவிலும் வேகம் மாறும். அலையை நம்பாமல் ஆட்களின் நடையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

படி 2: நிறம்

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அக்கால பிலிம் சிவப்பை உணராது. மஞ்சளையும் மந்தமாகவே பதியும். அதனால் பிரிட்டிஷ் கப்பலின் இளமஞ்சள் புகைபோக்கி கருத்துத் தெரியும், கொடியின் சிவப்புச் சிலுவை கறுப்பாகும், நீல வானம் வெளுத்துவிடும். கருத்த உடலும் வெள்ளை மேற்கட்டும் தெரிந்தால் 1903க்கு முந்தைய பிரிட்டிஷ் கப்பலா என்று பாருங்கள். அதையொட்டித்தான் எல்லாம் சாம்பல் நிறமாயின.

படி 3: பீரங்கிக் கோபுரங்கள்

முன்னே ஒன்று, பின்னே ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய பீரங்கி: இது பழைய வகை. 1906இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘டிரெட்நாட்’டில் ஐந்து இரட்டைக் கோபுரங்கள், பத்து 12 அங்குலப் பீரங்கிகள். பக்கவாட்டில் பார்த்தால் நான்குதான் தெரியும். ஐந்தாவது மறுபக்க ஓரத்தில் மறைந்திருக்கும். முன் புகைபோக்கிக்குப் பின்னால் நிற்கும் முக்காலிக் கொடிமரத்தையும் தேடுங்கள். கூடை பின்னியதுபோன்ற கொடிமரம் என்றால் பெரும்பாலும் அமெரிக்கக் கப்பல்.

படி 4: வலைக் கம்பங்கள்

கப்பலின் பக்கத்தில் சாய்வாக வரிசையாய்ப் படிந்திருப்பவை டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகணை) தடுப்பு வலையைத் தாங்கும் கம்பங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனியோடு நடந்த 1916 ஜட்லாந்து கடற்சண்டைக்குப் பின் பிரிட்டிஷ் கடற்படை அவற்றைக் கைவிட்டது.

பயிற்சிக்கு, ஆஸ்திரிய-ஹங்கேரியின் ‘செண்ட் இஷ்ட்வான்’ போர்க்கப்பல் மூழ்கும் காட்சியை எடுங்கள். 1918 ஜூன் 10 அன்று இத்தாலிய டார்பிடோப் படகு தாக்கியது. உடன் வந்த ‘டெகெட்ஹாஃப்’ கப்பலிலிருந்து படமெடுத்தார்கள். கப்பல் மெல்லக் கவிழ, ஆட்கள் அதன் அடிப்புறத்தில் ஏறுவார்கள். கவிழும்போதே பெரும் புகையோடு வெடித்தால் அது 1941இல் மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல் ‘பார்ஹம்’.