கழுத்துப் பிடி சரியில்லையா? புது ரீலோடிங் டை வாங்கும் முன் பாருங்கள்

அமெரிக்காவில் உரிமத்தோடும் ஒழுங்கோடும் துப்பாக்கி சுடும் நம்மவர்களில் சிலர், சொந்தமாக ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் வெற்றுக் கேஸில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது) செய்யத் தொடங்கியதும் முதலில் சிக்குவது கழுத்துப் பிடியில்தான். பித்தளைக் கேஸின் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதே கழுத்துப் பிடி. ஒரு குண்டு வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல இறங்கும். அடுத்ததற்கு, குண்டை அழுத்தி இறக்கும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தி மாளாது. உடனே கேஸைச் சுருக்கி அளவாக்கும் அச்சான டை மேல் பழி விழும். பாதி நேரம் டை குற்றமற்றது.

.308 வின்செஸ்டர் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் 0.308 அங்குலம். கழுத்துச் சுவரின் தடிமன் 0.015 என்றால், குண்டு உட்கார்ந்த பிறகு கழுத்தின் வெளிவிட்டம் 0.338. அதில் 0.002 கழித்து 0.336 புஷ்ஷிங் (டைக்குள் கழுத்தைச் சுருக்கும் வளையம்) போடுவது வழக்கம். கணக்கு சரி. ஆனால் பித்தளை சுருங்கிய இடத்திலேயே நிற்காது, கொஞ்சம் திரும்பி விரியும். அதே புஷ்ஷிங்கிலிருந்து 0.337 ஆக வெளியே வந்தால் உங்கள் பிடி பாதியாகிவிட்டது. புஷ்ஷிங் மேல் பொறித்த எண்ணை நம்பிக் கழுத்தை அளக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சாதாரண கேலிப்பர் 0.001 அங்குலம் முன்னே பின்னே காட்டும். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். மைக்ரோமீட்டர் வேண்டும்.

வெவ்வேறு கம்பெனிக் கேஸ்களைக் கலப்பதும் இதே வகைதான். சுவர்த் தடிமன் மாறினால் ஒரே புஷ்ஷிங் இரண்டு விதமான பிடி தரும். கம்பெனிவாரியாகப் பிரித்து வையுங்கள்.

கேஸின் வயதுதான் பலர் மறப்பது. 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த இந்தப் பித்தளை, ஒவ்வொரு முறை சுட்டு விரிந்து டையில் சுருங்கும்போதும் இன்னும் கெட்டியாகிறது. கெட்டியான கழுத்து அதிகமாகத் திரும்பி விரியும். முதல் இரண்டு மூன்று சுற்றில் அருமையாக இருந்த டை ஆறாவது சுற்றில் "கெட்டுப்போனதாக"த் தோன்றுவதற்கு இதுவே காரணம். இதற்கு மருந்து அனீலிங், அதாவது கழுத்தையும் அதன் கீழ்ச் சரிவான தோளையும் மட்டும் சூடாக்கி இளக்குவது. அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது. அங்கே பித்தளை இளகினால் சுடும்போது கேஸ் கிழிந்து வாயு பின்னால் முகத்துக்கு நேரே பாயலாம். அப்படிச் சூடேறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அந்தக் கேஸை நசுக்கி எறியுங்கள். கழுத்தையும் ஒரேயடியாக இளக்கிவிட்டால் அதில் துள்ளல் இருக்காது, குண்டைப் பிடிக்காது.

இந்த அனீலிங்கின் வரலாற்றில் நம் நாட்டு மழைக்காலமும் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. 'பருவ விரிசல்' என்றார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், பித்தளைக்குள் உற்பத்தியின்போதே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்று 1921ல் விளக்கம் வந்தது. இறுக்கத்தை அனீலிங் தளர்த்தியது. இன்றைக்கும் பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுக் கேஸ் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

அடுத்தது எக்ஸ்பாண்டர் உருண்டை. வழக்கமான முழுநீள டை கழுத்தைத் தேவைக்கு மேல் சுருக்கிவிட்டு, கேஸ் வெளியே வரும்போது இந்த உருண்டையால் மறுபடி விரிக்கும். கழுத்தின் உள்ளே மசகு இல்லாவிட்டால் 'கீச்'சென்ற சத்தம் கேட்கும். கழுத்து கோணும், தோள் முன்னால் இழுபடும். அந்தச் சத்தம் கேட்டும் அப்படியே ஓட்டாதீர்கள். கேஸ் வாய்க்குள் கொஞ்சம் மசகு தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெளியே மட்டும் அளவு மீறினால், தேங்கிய எண்ணெய் தோளில் பள்ளம் போடும்.

சுத்தமாகக் கழுவிய கேஸிலும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் ஸ்டீல் பின் போட்டு உருட்டினால் கழுத்தின் உள்ளே இருந்த கரி முழுக்கப் போய்விடும். அந்தக் கரிதான் குண்டு வழுக்கி இறங்க உதவியது. அது போனபின் குண்டு திக்கித் திக்கி இறங்கும். அளவு சரியாகவே இருந்தாலும் பிடி அதிகமானதுபோல் தெரியும். கொஞ்சம் கிராஃபைட் தூள் போதும்.

குண்டை உட்கார வைக்கும் டையில் நானே ஒரு மாலை முழுக்க ஏமாந்திருக்கிறேன். டையை அளவுக்கு மேல் கீழே இறக்கியிருந்தேன். உள்ளே கிரிம்ப் போடும் (கேஸ் வாயைக் குண்டின்மேல் நெரிக்கும்) விளிம்பு கேஸ் வாயை அழுத்திக்கொண்டே இருந்தது. கிரிம்ப் பதிவதற்கான பள்ளக்கோடு இல்லாத குண்டில் அப்படி அழுத்தினால் பிடி கூடாது, குறையும். பித்தளை திரும்பி விரியும், குண்டின் செம்பும் ஈயமும் அந்த அளவு திரும்பாது. இடையில் இடம் விழுந்து குண்டு ஆடத் தொடங்கும். கேஸை மேலே ஏற்றிவைத்து, டை தொடும் வரை திருகி, பிறகு ஒரு முழுச் சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள். குண்டு இறங்கும் ஆழத்தை டையின் நடுத்தண்டால் மட்டும் சரிசெய்யுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாவில் சோதியுங்கள். நீளத்தை அளந்துவிட்டு, குண்டின் முனையை மரப்பலகையில் வைத்துக் கையால் அழுத்தி, மறுபடி அளங்கள். குண்டு உள்ளே போயிருந்தால் பிடி போதாது. தானியங்கித் துப்பாக்கி தோட்டாவை வேகமாகத் தள்ளி ஏற்றும்போது இதே தளர்ச்சியால் குண்டு கேஸுக்குள் இறங்கும், இடம் குறையும், அழுத்தம் ஏறும். ஏற்கெனவே மருந்து போட்டு முடித்த தோட்டாக்களில் தளர்ச்சி தெரிந்தால் அவற்றைச் சுடாமல் குண்டைப் பிரித்தெடுத்துவிடுங்கள்.