ஒரே ஊரில் பல பிள்ளைகளுக்குப் புற்றுநோய்: விசாரணையை எப்படித் தொடங்குவது?

சிறிய ஊரொன்றில் சில ஆண்டுகளுக்குள் பல பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்தால், எல்லோருடைய சந்தேகமும் முதலில் தண்ணீர்மீதோ தொழிற்சாலைமீதோ விழும். ஆனால் விசாரணையை அங்கிருந்து தொடங்கக் கூடாது. எந்த வகைப் புற்றுநோய், எந்த வயது, எந்த நில எல்லை, எந்த ஆண்டுகள் என்ற நான்கையும் எழுதி முடிவுசெய்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். நோயுற்றவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துவிட்டு அவற்றைச் சுற்றி எல்லை வரைந்தால், எந்த ஊரிலும் ஒரு நோய்த்திரள் (ஓரிடத்தில் நோய் வழக்கத்தைவிட அதிகமாகக் குவிவது) இருப்பதாகக் காட்டிவிட முடியும்.

ஒவ்வொரு நோயாளியின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்து நோயை உறுதிசெய்யுங்கள். மூளைக்கட்டியையும் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு, அந்த மக்கள்தொகையில் இயல்பாக எத்தனை பேருக்கு அந்நோய் வரக்கூடும் என்பதைப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஃபாலன் என்ற ஊரை மையமாகக் கொண்டு, 1997 முதல் 2002 வரை 16 பிள்ளைகளுக்கு லுகேமியா கண்டறியப்பட்டது. தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத எண்ணிக்கை அது. அவர்களது குடும்பத்தாரின் சிறுநீரில் டங்ஸ்டன் என்ற உலோகமும் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளும் மிகுதியாக இருந்தன. அத்தோடு ஆய்வு நின்றிருந்தால் டங்ஸ்டனே காரணம் என்று முடிவாகியிருக்கும். அதே பகுதியில் நோயற்ற பிள்ளைகளின் குடும்பங்களையும் சோதித்ததால்தான், இரு தரப்பிலும் அளவு ஒரேபோல் உயர்ந்திருந்தது தெரியவந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத அளவீடு எதையும் நிறுவாது.

இன்றைய தண்ணீரைச் சோதிப்பதோடும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வோபர்ன் நகரில் மாசுபட்ட இரு கிணறுகள் 1979இல் மூடப்பட்ட பின், எந்த வீட்டுக்கு எந்தக் காலத்தில் அக்கிணற்று நீர் போனது என்பதைக் குழாய்வலையமைப்பைக் கொண்டு கணித்தார்கள். தாயின் கருக்காலத்தில் அந்த நீர் வந்த வீடுகளில்தான் லுகேமியாவுடனான தொடர்பு வலுவாகத் தெரிந்தது. எனவே ஒவ்வொரு குடும்பமும் கருக்காலம் முதல் எங்கெங்கே வசித்தது என்பதைப் பொறுமையாகக் கேட்டுப் பதியுங்கள்.

பெற்றோரிடம் தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 20 ஆண்டுகளில் நடந்த 428 விசாரணைகளை 2012இல் மறுஆய்வு செய்தபோது, தெளிவான காரணம் புலப்பட்டது ஒன்றே ஒன்றில்தான். ஆயினும் வழியில் தெரியவரும் மாசை அகற்ற, நோயின் காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: ஃபாலனின் குடிநீரில் இன்று அங்கே அனுமதிக்கப்படும் அளவைப்போல் சுமார் 10 மடங்கு இருந்த ஆர்சனிக்கை நீக்க, 2004இல் அங்கே சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.