மலை இறக்கத்துக் குளிருக்கு நான்கு தாள் நாளிதழ்

குளிர்காலக் காலையில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சைக்கிளில் இறங்குபவர்கள், தடித்த கம்பளிச் சட்டைக்குப் பதிலாகப் பழைய நாளிதழின் நான்கைந்து தாள்களை மடித்து, பனியனுக்கும் மேற்சட்டைக்கும் இடையே கழுத்தடி முதல் வயிறு வரை மறையும்படி செருகிக்கொள்ளலாம். இறக்கத்தில் பெடலை மிதிக்கும் வேலை அதிகம் இல்லாததால் உடலில் சூடு அதிகம் பிறப்பதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் எதிர்க்காற்றோ கம்பளியின் இழைகளுக்கிடையே புகுந்து, வியர்வையில் நனைந்த பனியனைச் சில்லிட வைத்துவிடுகிறது. தாள் அந்தக் காற்றைத் தடுக்கிறது. மடிப்புகளில் தங்கும் காற்று உடல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் பந்தயங்களில் வீரர்கள் கணவாய் உச்சியில் நாளிதழ் வாங்கிச் செருகிக்கொள்வது நெடுநாள் வழக்கம். வழவழப்பான வார இதழ்த் தாள் இதற்கு உதவாது. உடலோடு வளையாமல் விளிம்பு கழுத்தில் குத்தும். அச்சு மை ஒட்டும் என்பதால் வெள்ளைப் பனியனையும் தவிர்ப்பது நல்லது.

குன்னூருக்குக் கீழே உள்ள பர்லியாறை நெருங்கி வெயில் உறைத்ததும் தாளை உருவிப் பைக்குள் வைத்துவிடலாம். மழையிலோ நனைக்கும் மூடுபனியிலோ தாள் கூழாகிவிடும். அப்போது மழைச்சட்டைதான் வேண்டும். ஏற்றத்தில் தாள் வெறும் புழுக்கம். விரல்களுக்குக் கையுறை எப்படியும் தேவை.