பஞ்சு போல அமுங்கிய பிரேக் பெடல்

முன்சக்கரக் காலிப்பர்கள் (ஆயில் அழுத்தத்தில் பிரேக் பேடை வட்டின்மேல் அழுத்தும் பாகங்கள்) இரண்டையும் நானே மாற்றினேன். அன்றிலிருந்து பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. முதல் மிதியில் ஏறக்குறைய தரைவரை போகும். உடனே மறுபடி மிதித்தால் பாதியிலேயே கெட்டியாக நிற்கும்.

பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கும் என்று, நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் நிப்பிளைத் திறந்து ஆயிலோடு மூன்று முறை காற்றை வெளியே எடுத்தேன். கடைசியில் ஒரு குமிழ்கூட இல்லாமல் தெளிந்த ஆயில் வந்தது. பெடல் மட்டும் அப்படியே. அடுத்து, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகப் போட்டேன். வீண் வேலை. அழுத்திப் பிடிக்கும்போது பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும், என்னுடையது இறங்கவில்லை.

நான்காம் நாள், சக்கரங்களுக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கிளாம்ப் போட்டு அடைத்துப் பார்த்தேன். பின்புறத்தை அடைத்தால் மாற்றமில்லை. முன்புறம் இரண்டையும் அடைத்ததும் பெடல் கல்லாக நின்றது. அப்படியானால் கோளாறு முன்புறத்தில்தான்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு அருகே உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறேன்! போல்ட் துளைகள் ஒன்றுபோல இருந்ததால் அடம்பிடிக்காமல் பொருந்திவிட்டன. காற்று மேலேதானே தங்கும்? கீழே எத்தனை முறை திறந்தாலும் ஆயில்தான் வரும்.

பக்கம் மாற்றி, ஹோஸுக்குப் புதிய செம்பு வாஷர் போட்டு, நிப்பிளைத் திறந்தேன். முதலில் நீளமாக ஒரு 'புஸ்', பிறகு நுரை, பிறகு ஆயில். பெடல் இப்போது மேலேயே பிடிக்கிறது.

காலிப்பரின் முதுகில் 'எல்' (இடது) என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்று அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.