குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது நாம் செய்யும் தவறுகள்: ஒரு கடற்கரை டாக்டரின் குறிப்புகள்

போன கோடையில் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி தன் பத்து மாதப் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டேதான் இருக்கோம் டாக்டரம்மா, புள்ள தேறவே மாட்டேங்குது" என்றார். அந்த உப்புச் சர்க்கரைப் பொடியை எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டியிருக்கிறார். கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்று நினைத்திருக்கிறார். தண்ணீர் எது என்றால், வீட்டுக் கிணறு. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை தேறி வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இரவெல்லாம் கண் விழித்து ஊட்டியவர் அவர். பாசத்தில் ஒரு குறையும் இல்லை, அளவுதான் தப்பிவிட்டது. என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் காணும் தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில், எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதை விட்டுவிடுகிறோம்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தை முழுதாகவே சொல்லிவிடுகிறேன். பெரிய பாக்கெட், அதாவது 20 கிராமுக்குச் சற்று மேலே இருப்பது, 1 லிட்டர் தண்ணீருக்கானது. சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கானது. பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பெரிய பாக்கெட்டில் பாதியை மட்டும் கொட்டி மீதியை மடித்து வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் உப்பும் குளுக்கோஸும் சரிபாதியாகப் பிரியாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அளப்பதற்கு, கடையில் வாங்கிய 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டால் போதும்.

அளவில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பார்கள். குளுக்கோஸும் உப்பும் சேர்ந்துதான் குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகின்றன, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும், வலிப்புகூட வரலாம். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை வெளியே இழுத்து, போக்கு இன்னும் அதிகமாகும். இதனால்தான் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதீர்கள் என்கிறேன். காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு எங்கேயும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ பிடித்து வைத்து, காய்ச்சி ஆறவைத்துக் கலக்குங்கள். பவுடர் பால் கலக்கவும் இதே தண்ணீர்தான். வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர்தான் இருக்கிறது என்றால், அது முதலில் பிள்ளைக்கு.

அட்டை டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துப் போட்டு விற்ற பழச்சுவைப் பானங்களை இன்றும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் கொடுக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ்., இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பிக்கலாம். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை (ஜிங்க்) கொடுத்தால், போக்கு நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

உச்சிக்குழி பள்ளம் விழுந்திருந்தால் அதில் விளக்கெண்ணெய் வைத்துத் தடவுவார்கள். அந்தப் பள்ளம் உடம்பில் தண்ணீர் வற்றியதன் அடையாளம், வெளியே வைக்கும் எண்ணெயால் அது நிரம்பாது. கண் உள்ளே போயிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் உடனே கிளம்பிவிடுங்கள். தொக்கம் (தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியதாக நினைப்பதை எடுக்கும் நாட்டு வழக்கம்) எடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு பகல் முழுக்கப் போன பிறகு என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒரு பகலை நாம் இழக்க முடியாது.

அடுத்தது காய்ச்சல். இங்கேயும் அளவுதான் பிரச்சினை. பாராசிட்டமாலை வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், எடையைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். இது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லி, 250 உள்ள சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் வெறும் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்து கைக்குழந்தைக்கு என்பதால் வீரியம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது, சாதாரண சிரப்பைப் போல நான்கு மடங்கு. தம்பியின் சொட்டு மருந்தை அக்காவுக்கு ஒரு மூடி ஊற்றினால் ஈரல் வரைக்கும் பாதிக்கலாம். வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தால், பேனாவால் பெரிதாகப் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம்.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்லாமல் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும்தான் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த அளவு வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கவே கூடாது, அது இரவு இரண்டு மணியாக இருந்தாலும் சரி.

"ஊசி போட்டாத்தான் இறங்கும்" என்று கேட்காதீர்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தன் நாள்கணக்கில்தான் போகும். டெங்குவில் மட்டும் ஒரு விஷயம் தலைகீழாக இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் வீடே நிம்மதியாகிவிடும். ஆபத்து தொடங்குவதே மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும் அந்தச் சமயத்தில்தான். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், சில்லென்ற கை கால், சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், கிளம்ப வேண்டும். அந்த நாட்களில் இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி, காய்ச்சல் மருந்துகளைக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் பல்லிடுக்கில் கரண்டி வைப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. இரண்டும் வேண்டாம். கரண்டியால் பல் உடைந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. சீக்கிரமே நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சளிக்கு இருமல் மருந்து கேட்பவர்களிடம் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். அதற்குப் பிறகு மத்திய அரசின் அறிவுரை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்பது. கலப்படமே இல்லாத சிரப்பாக இருந்தாலும் சின்னப் பிள்ளையின் இருமலுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடலாம், ஒரு வயதுக்கு மேல் என்றால் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். அப்புறம், மூச்சை எண்ணுங்கள். தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டாலோ நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ அது வெறும் சளி இல்லை.

நம் கடற்கரை வீடுகளுக்கென்றே உள்ள ஒரு ஆபத்து மண்ணெண்ணெய். படகு இன்ஜினுக்கு வாங்கியதை குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கதவோரம் வைத்திருப்பார்கள். வெயிலில் விளையாடிவிட்டு வரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். குடித்துவிட்டால் உடனே நடப்பது என்ன? உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது. இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதலைவிட நுரையீரலில் செய்யும் கெடுதல் பல மடங்கு, வாந்தி எடுக்கும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. உப்புத் தண்ணீரோ தனியாக சோடியத்தை ஏற்றிவிடும். பாலும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பிள்ளை சிரித்து விளையாடினாலும் வாருங்கள், முதல் ஆறு மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். டீசலுக்கும் தின்னருக்கும் இதே கணக்குதான். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள்: குளிர்பான பாட்டிலில் இருக்கும் எல்லா எண்ணெயையும் கேனுக்கு மாற்றி, பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள்.

கடலில் விளையாடும்போது சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள், குழாய்த் தண்ணீரில் கழுவுவார்கள். ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்கள் இரண்டிலும் மேலும் வெடித்து விஷத்தை இறக்கும். கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் நூலை ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி நன்றாகக் குறையும். சூட்டைப் பெரியவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும், வலியில் துடிக்கும் பிள்ளைக்குத் தோல் வேகுவது தெரியாது. சுண்ணாம்பு வைக்காதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஆஸ்பத்திரிதான்.

பிறந்த குழந்தைக்குச் சேனை (சர்க்கரைத் தண்ணீர்) வைப்பது, தேன் தடவுவது, தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ போடுவது, கண்ணுக்கு மை, காதுக்கும் மூக்குக்கும் எண்ணெய், எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றுவதைப் பாட்டிமார் விடமாட்டார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்துக் கும்பிட்ட பொருள் அது, எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் வாய்வழியே கொடுத்து வாந்தியும் மயக்கமும் வந்து சேர்ந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். கையில் வளையமாகக் கட்டுங்கள், வாய்க்குள் வைக்க முடியாதபடி. சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

தடுப்பூசித் தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பயந்து வராமலே இருந்துவிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். புதன்கிழமை தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி ஒன்று: "மீன் எப்ப கொடுக்கலாம் டாக்டரம்மா?" ஒரு வயது ஆகட்டும், சளி பிடிக்கும் என்று சொல்லி, பிள்ளைக்கு பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டுகிறோம். வாசலில் அன்று கரை இறங்கிய மீன் இருக்கும்போது இது எனக்கு மனக்கஷ்டமாகவே இருக்கிறது. ஆறு மாதம் முடிந்து கூழும் சோறும் பழகியதும் மீன் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். சீலாவோ பாறையோ, முள் பெரிதாக உள்ள மீனில் ஒரு துண்டைக் குழம்பில் போடும் முன்பே எடுத்துத் தனியாக வேகவையுங்கள். முள்ளை எடுத்துவிட்டு, சதையை விரலால் நசுக்கித் தடவிப் பாருங்கள், மறுபடி ஒரு தடவை பாருங்கள். முதல் நாள் ஒரு சிட்டிகை போதும். தடிப்பு, வாந்தி எதுவும் இல்லையென்றால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், குழைந்த சோற்றோடு மசித்து.