சேலத்து விலையைப் பார்த்து மார்த்தாண்டத்தில் மரச்சீனி பிடுங்காதீர்கள்

முதல் தவறு என்னுடையது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன், கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் விளையின் (தோட்டத்தின்) மேற்கு ஓரத்தில் 30 சென்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நின்றது. சித்திரை மழைக்கு நட்டது, கார்த்திகை பிறந்துவிட்டது. வழக்கமாக எடுக்கும் வியாபாரி வந்து நாலு மூடு (செடி) பிடுங்கிப் பார்த்து, ஒன்றை ஒடித்து முகர்ந்து, ஒரு விலை சொன்னார். அன்று காலையில்தான் மரவள்ளி விலை ஏறியிருக்கிறது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். "ஒரு மூணு வாரம் போகட்டும் அண்ணே" என்றேன். "சரி மக்கா, மழையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வடியவே இல்லை. கடைசியில் பிடுங்கப் போனால் தண்டு மட்டும் கையோடு வந்தது. மண்ணுக்குள் கையை விட்டால் கிழங்கு கூழாகி, புளித்த வாடை. விலை ஏறியதா என்றால், இங்கே ஏறவே இல்லை. நான் படித்தது சேலத்துச் செய்தி.

இதை இன்றும் பலர் செய்கிறார்கள். மரச்சீனி, மரவள்ளி, குச்சிக்கிழங்கு, கப்பை என்று நாலு பெயரில் அழைத்தாலும் செடி ஒன்றுதான். ஆனால் வியாபாரம் ஒன்றல்ல. சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் விளையும் கிழங்கில் பெரும்பகுதி ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்குப் போகிறது. அங்கே கிழங்கை வாங்குவது மாவுச்சத்தின் அளவை வைத்து. 'பாயிண்ட்' என்று அதைச் சொல்வார்கள். பாயிண்ட் கூடினால் டன்னுக்கு விலை கூடும். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் ஏலம் நடத்துவது அந்த வட்டாரத்துக்காகத்தான். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி கிச்சடி எவ்வளவு போகிறது, மக்காச்சோள மாவு என்ன விலைக்குக் கிடைக்கிறது, தாய்லாந்துக்காரர்கள் ஸ்டார்ச்சை எவ்வளவு மலிவாக விற்கிறார்கள் என்பவையெல்லாம் சேர்ந்து அந்த விலையை ஆட்டுகின்றன.

நம் ஊர்க் கிழங்கு போவது அடுப்புக்கு. மயக்கி (வேகவைத்து மசித்து), மீன்கறி ஊற்றித் தின்னப் போகிற கிழங்கு. கருங்கல் சந்தையிலும் குலசேகரத்திலும் அதை வாங்குகிறவர் பாயிண்ட் பார்ப்பதில்லை, வெந்தால் மலருமா என்றுதான் பார்க்கிறார். மாநில மொத்த உற்பத்தி கூடியது என்றோ குறைந்தது என்றோ ஒரு வரி வந்தால், அதில் பெரும்பங்கு ஆலைக் கிழங்கின் கதை. அதை நம் விளைக்குப் பொருத்திப் பார்த்தால் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்த மாதிரி ஆகிவிடும்.

இதே தவறு ரகத்திலும் நடக்கிறது. எச் 165, எச் 226 போன்றவை ஆலைக்குப் பேர்போன ரகங்கள். மகசூலைக் கேட்டதும் ஆசை வரும். கம்பு (நடுகிற தண்டு) கொண்டுவந்து நட்டு, சந்தையில் கொண்டு வைத்தால் ஒரு தடவை வாங்கிய வீட்டுக்காரி மறுதடவை வாங்கமாட்டாள். கசப்பு கூடுதல், வேகிற பக்குவமும் வேறு. அடுப்புக்கு எம் 4 பழைய நம்பிக்கை. மலேயாவிலிருந்து வந்த ரகம், ஆனால் 9, 10 மாதம் காத்திருக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இலிருந்து இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ விஜயா, ஸ்ரீ ஜயா இரண்டும் 6, 7 மாதத்தில் பிடுங்கலாம், வேக்காடும் நன்றாக இருக்கும். அந்த மூன்று மாத வித்தியாசம் சாதாரணமானதல்ல. மழைக்கு முன்னே பிடுங்கலாமா, மழையில் மாட்டிக்கொள்வோமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

அடுத்த தவறு, மரச்சீனியைத் தேங்காய் மாதிரி நினைப்பது. தேங்காயை விலை வரும்வரை போட்டு வைக்கலாம். கிழங்கைப் பிடுங்கி மூன்றாம் நாள் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளைச் சதையில் தோலை ஒட்டி நீலமும் கறுப்புமாக நூல்நூலாகக் கோடு ஓடியிருக்கும். பிடுங்கும்போது பட்ட காயத்தின் வழியாகக் காற்று புகுந்ததும் தொடங்குகிற கேடு இது. கிருமி வந்து அழுகுவது அதற்குப் பிறகு. ஈரமண்ணில் புதைத்தால் சில நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். பிடுங்கிய கிழங்குக்குப் பேரம் பேசும் பலம் இரண்டு நாள்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கிற கிழங்குக்குத்தான் கொஞ்சம் பலம். அதுவும் மழையில்லாத வரைக்கும், நார் பிடிக்காத வரைக்கும். ஆகவே வண்டி வந்து நிற்காமல் பிடுங்க ஆள் விடாதீர்கள். பிடுங்கிக் குவித்துவிட்டு வியாபாரியைப் போனில் கூப்பிட்டால், அவர் குரலிலேயே விலை இறங்குவது கேட்கும்.

சரி, விலையை எங்கே பார்ப்பது? இங்கேதான் இன்னொரு குழப்பம். நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தைப் பலகையில் எழுதியிருப்பது உழவர் நேராக வீட்டுக்காரருக்கு விற்கிற விலை. அதையும் விளையில் மூடு கணக்காக மொத்தமாகப் பேசும் விலையையும் பக்கத்தில் வைத்து 'வியாபாரி பாதியைத் தின்றுவிட்டான்' என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே பிடுங்குகூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, மண் கழிவு, ஒடிந்து போகிறது, விற்காமல் கறுத்துப்போகிறது என்று எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் கழித்தும் வியாபாரிக்கு நியாயத்துக்கு மேல் மிஞ்சுகிறது என்றால் சண்டை போடலாம், தப்பில்லை. ஆனால் கழித்துவிட்டுப் போடுங்கள்.

சந்தை வரத்துப் புள்ளிவிவரத்தை உற்பத்தி என்று படிப்பதும் இப்படித்தான். நம் மரச்சீனியில் நிறைய கிழங்கு எந்தச் சந்தைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. விளையிலிருந்து நேராக வண்டியேறி களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடும், அல்லது ரோட்டோரத்தில் சாக்கு விரித்துக் குவித்து மாலைக்குள் தீர்ந்துவிடும், அல்லது சொந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய்விடும். வரத்து குறைந்தால் விளைச்சல் குறைந்தது என்று அர்த்தமில்லை, பாதை மாறியிருக்கலாம்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. அகில இந்தியத் தோட்டக்கலைக் கணக்கில் மரச்சீனியைக் காய்கறிகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். தானியப் பட்டியலில் தேடிவிட்டு 'கணக்கே இல்லை' என்று திரும்பிவிடாதீர்கள். வேளாண் ஆண்டு என்பது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது என்பதையும் மறக்கக் கூடாது. சித்திரையில் நட்டு மார்கழியில் பிடுங்கும் பயிர் இரண்டு வேளாண் ஆண்டுகளில் கால் வைத்து நிற்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான விலையை எடுத்து அந்த உற்பத்திக் கணக்கோடு ஒட்டினால் ஒட்டாது.

ஹெக்டேர் கணக்கு நம்மைப் பயமுறுத்தும், ஏனென்றால் நம்மிடம் இருப்பது சென்ட். மாற்றிப் பார்ப்பது எளிது. ஒரு ஹெக்டேர் 247 சென்ட். 90 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சென்டில் ஏறத்தாழ 50 மூடு. ஹெக்டேருக்கு 30 டன் என்று ஒருவர் சொன்னால், சென்டுக்குச் சுமார் 121 கிலோ, ஒரு மூட்டுக்கு 2.4 கிலோ. இப்போது உங்கள் விளையில் நாலு இடத்தில் ஒவ்வொரு மூடு பிடுங்கி எடை போடுங்கள். வரப்போரத்தில் கொழுத்து நிற்கிற மூட்டை மட்டும் பிடுங்கி முழுத் தோட்டத்துக்கும் பெருக்குவதுதான் இதில் எல்லாரும் செய்கிற கள்ளத்தனம், நான் உட்பட. தென்னைக்கு நடுவே போட்டவர்கள் 50 மூடு என்ற கணக்கையே விட்டுவிட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். இந்தியச் சராசரி 30 டன்னுக்கு மேல், உலகச் சராசரி 10, 11 டன்தான். இந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்துவதில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் சேலத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பங்குண்டு. மழையை நம்பி, உரத்தை அரைகுறையாகப் போட்ட விளையில் அது வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

கேரளம் எப்போதும் வாங்கும் என்பது நம் மாவட்டத்தின் பழைய தைரியம். அதில் உண்மை உண்டு. 1949 வரை நாம் ஒரே திருவிதாங்கூராகவும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்தவர்கள். 1880-இலிருந்து 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பரப்பினார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது அது பலர் உயிரைப் பிடித்து வைத்தது. நாக்கின் பழக்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அவர்களும் பெரிய உற்பத்தியாளர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 1970களின் நடுவில் கேரளத்தில் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மரச்சீனி இருந்தது, இன்று 1 லட்சத்துக்கும் கீழே. 'அங்கே பரப்பு குறைந்தது, இனி நமக்குத்தான் ராஜயோகம்' என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. பரப்பு குறைந்த அளவுக்கு அங்கே விளைச்சல் குறையவில்லை; ஒரு ஹெக்டேரில் எடுப்பது கூடியிருக்கிறது. அரிசி தாராளமாகக் கிடைத்தபின் மூன்று வேளைக் கிழங்கு ஒரு வேளை ஆசையாகவும் சுருங்கிவிட்டது. பரப்பு ஒன்றை மட்டும் பார்த்துத் தேவையைக் கணிக்க முடியாது. அவர்கள் விளையில் பிடுங்குகிற மாதம் நமக்கும் பிடுங்குகிற மாதமாக இருந்தால், எல்லை தாண்டினாலும் அதே விலைதான்.

ஓணத்தை நம்பி மரச்சீனியை நிறுத்தி வைப்பது இதன் கிளைத் தவறு. ஆவணியில் ஏத்தன் வாழை, சேனை, தடியங்காய், வெள்ளரி, பயறு எல்லாம் துள்ளும், உண்மை. ஆனால் ஓண விருந்தான சத்யாவின் இலையில் மரச்சீனிக்கு இடம் கிடையாது. மீனோடு போகிற கிழங்கு அது. சாளை (மத்தி மீன்) மலிந்து கிடக்கும் நாளில் கிழங்கு சீக்கிரம் தீர்வதை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். நம் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பஞ்சாங்கத்தில் ஓணத்தைக் குறிக்கிறவர்கள் இந்தத் தேதிகளையும் குறித்து வைக்கலாம்.

பரப்பு ஏன் ஏறி இறங்குகிறது என்பதையும் கிழங்கு விலையிலேயே தேடுகிறார்கள். இந்த மாவட்டத்தில் மரச்சீனி பெரும்பாலும் மற்றவர் விட்ட இடத்தில் நிற்கிற பயிர். ரப்பரை வெட்டி மறுநடவு செய்தால் முதல் இரண்டு மூன்று வருடம் நடுவிலே வெயில் விழும்; அங்கே வாழையோ அன்னாசியோ மரச்சீனியோ வரும். நிழல் மூடியதும் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து வாழையும் ரப்பரும் சாய்ந்தபின் எத்தனை விளை வெயில் கண்டது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிறது என்பதால் விட்டவர்கள் இருக்கிறார்கள். விளை வீட்டுமனையானால் அது திரும்பி வராது. இவை எதிலும் கிழங்கு விலைக்குச் சம்பந்தமில்லை.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். இலை சுருங்கி மஞ்சள் திட்டுத்திட்டாக நிற்கிற தேமல் நோய், வெள்ளை ஈயால் பரவுவதைவிட நம் கையால்தான் அதிகம் பரவுகிறது. நோய் கண்ட மூட்டின் கம்பை வெட்டி அடுத்த வருடத்துக்கு நட்டால் விளைச்சல் குறைகிறது, நாம் 'மண் சத்து போச்சு' என்கிறோம். இலை நிற்கும்போதே நல்ல மூட்டுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டால் தீர்ந்தது. இலை உதிர்ந்தபின் எல்லாக் கம்பும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பிடுங்குகிற நாளின் விலையைப் பார்த்து நடுவது. இந்த மார்கழியில் விலை நன்றாக இருந்தால் சித்திரையில் ஊரே நடும். அடுத்த மார்கழியில் ஊரே பிடுங்கும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நட்டுக்கொண்டே இருக்கிறோம், ஏனென்றால் மற்றவர் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரிவதில்லை. அதற்கு எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் நான் நம்புவது கம்பைத்தான். பிடுங்கியபின் கம்பை நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வைப்போம். மற்றவர்கள் நட விரும்பாத வருடத்தில் அது கேட்பாரற்றுக் கிடந்து முளைத்து, கடைசியில் அடுப்புக்குப் போகும். நட விரும்பும் வருடத்தில் யார் யாரோ வந்து கேட்பார்கள்.

போன சித்திரையில் எங்கள் வேலியோரம் சாய்த்து வைத்த கம்பு இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் தெரியாத ஒருவர் பைக்கில் வந்து, காசு தருகிறேன், ஒரு கட்டு கிடைக்குமா என்று கேட்டார். எனக்கென்று எடுத்து வைத்ததில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயறு போட்டேன்.